உரைகல் நம்முடையதாக இருக்கட்டும்

ராக்கெட் கிளம்பும்போது தேசம் முழுவதும் கை தட்டுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் நெருப்பைக் கக்கிக்கொண்டு அது மேலே எழுந்ததும் மந்திரிகள் வாழ்த்துச் செய்தி விடுக்கிறார்கள். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் படம் போடுகின்றன. பள்ளிக்கூடங்களில் மிட்டாய் வழங்கப்படுகிறது. இவ்வளவும் நியாயமே. ஆயினும், அந்த ராக்கெட்டின் தலையில் அமர்ந்து செல்லும் செயற்கைக்கோள் பழுதற்றது என்று முன்கூட்டியே சோதித்துச் சொன்ன இடம் எது, அங்கே எத்தனை மாதம் எத்தனை பேர் இரவு பகலாகக் கண்விழித்தார்கள் என்று கேட்பவர் வெகு சிலரே. கல்யாணப் பந்தலில் மேளத்தைக் கேட்பவர்கள் அடுக்களையை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் விருந்தின் யோக்கியதை நிர்ணயமாவது அடுக்களையிலேதான்.

பெங்களூர் மாரத்தஹள்ளிப் பக்கத்தில் உள்ள செயற்கைக்கோள் இணைப்பு, பரீட்சை நிலையமே நாம் கூறும் அந்த அடுக்களை. 'ஐசைட்' என்று அதைச் சுருக்கமாக அழைக்கிறார்கள். யூ. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் என்று 2018-ம் வருஷத்தில் பெயர் மாற்றப்பட்ட ஸ்தாபனத்தின் ஓர் அங்கம் அது. இந்த நிலையத்தைப் பற்றியும், இதைப் போன்ற நிலையங்கள் இனி யாருக்காக, எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதைப் பற்றியும் தேசபக்தர்கள் தீர ஆலோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ராணுவக் கண்காணிப்புக்கென 52 செயற்கைக்கோள்களை அனுப்பும் திட்டத்தை இந்திய சர்க்கார் 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அங்கீகரித்தது. அவற்றில் 21-ஐ இஸ்ரோவும் 31-ஐத் தனியார் கம்பெனிகளும் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. செய்வதற்கு ஆள் கிடைக்கலாம். செய்ததைச் சோதிக்க இடமும், நாளும், பொறுமையும் கிடைக்குமா என்பதே நமது கேள்வி.

அங்கே நடப்பது என்ன?

செயற்கைக்கோள் மற்ற யந்திரங்களைப் போன்றதன்று. மோட்டார் வண்டி நடுவழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். ரயில் எஞ்சின் பழுதானால் பட்டறைக்கு இழுத்து வரலாம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளில் ஓர் ஆணி தளர்ந்துவிட்டால் அதை முடுக்கக் கை நீட்டுவார் எவருமில்லை. பூமியிலிருந்து கட்டளைகளை அனுப்பலாமே தவிரத் தொட முடியாது. ஆகவே பின்னால் நேரக்கூடிய ஆபத்துக்கள் அனைத்தையும் முன்னாலேயே பூமியில் அதற்கு உண்டாக்கிக் காட்டி, அது பிழைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதுவே பரீட்சையின் தத்துவம்.

முதலில், கோளின் பாகங்களை ஒன்று சேர்க்கும் கூடம். கோள்களை இணைக்கும் கூடங்களில், அரை மைக்ரானும் அதற்கு மேற்பட்டதுமான தூசிகள் ஒரு கன அடிக் காற்றில் 1,00,000-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது சாதாரண விதி. இது பெரிய எண் என்று தோன்றும். நமது வீதிக் காற்றோ இதைவிடப் பல மடங்கு தூசி நிறைந்தது. உள்ளே செல்பவர்கள் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டுதான் செல்ல வேண்டும். காமிராக் கண்ணாடியின் மேல் படியும் ஒரு துகள் கோளின் பார்வையையே மங்கச் செய்துவிடும்.

அடுத்தது ஆட்டும் மேடை. ராக்கெட் புறப்படும்போது கோள் எவ்விதம் குலுங்குமோ அவ்விதம் அதை மேலும் கீழும், பக்கவாட்டிலும் குலுக்குகிறார்கள். பிறகு ஒலி அறை. ராக்கெட்டின் பேரிரைச்சல் வெறும் சத்தமன்று. மெல்லிய தகடுகளையும் சூரிய ஒளிப் பலகைகளையும் பிளந்துவிடக்கூடிய விசை. அந்த இரைச்சலை ஒரு மூடிய அறையில் ஊதுகுழல்களைக்கொண்டு உண்டாக்கி, அதன் நடுவே கோளை நிறுத்துகிறார்கள். மனிதன் உள்ளே இருந்தால் காது போய்விடும்.

அதற்கும் அடுத்தது மிகக் கடினமானது. பெரிய உருக்குக் கலத்தினுள் கோளை வைத்துக் காற்றை அனேகமாக முழுவதும் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். கலத்தின் உட்சுவரில் திரவ நைட்ரஜன் ஓடிக் கடுங்குளிரை உண்டாக்குகிறது. வேறு சாதனங்கள் வெப்பமூட்டுகின்றன. வானவெளியில் சூரியனை நோக்கிய பக்கத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் வெப்ப சக்தி விழுகிறது. மறு பக்கமோ இருண்ட குளிரில் கிடக்கிறது. வெப்பத்தைக் கடத்திச் செல்லக் காற்று இல்லை. தாழ்ந்த பாதையில் சுற்றும் கோள் சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு முறை வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் போய் வருகிறது. விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஈயப் பற்று ஒன்று விட்டுப்போனால் கோடிக்கணக்கான ரூபாய் வீண். இறுதியாக, எதிரொலியே இல்லாதபடி கூர்மையான நுரைக் கூம்புகள் பதித்த அறையில், கோளின் வானொலி அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பாமல் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிஸார் என்னும் கோள் 2023-ம் வருஷம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தப் பெங்களூர் நிலையத்தின் காற்றற்ற கலத்தில் 21 நாட்கள் இருந்தது. மைனஸ் 10 டிகிரிக் குளிரில் 80 மணி நேரம். 50 டிகிரி வரை உஷ்ணத்தில் மறுபடியும் அவ்வளவு நேரம். உலகத்திலேயே மிகப் பெரிய விண்வெளி ஸ்தாபனம் தன் விலையுயர்ந்த ரேடார் கருவியை நமது சாலையில், நமது கலத்தில் வைத்துச் சோதிக்க இசைந்தது. இதைவிட நற்சாட்சிப் பத்திரம் வேறு என்ன வேண்டும்?

தகரக் கொட்டகையிலிருந்து

இந்த நிலைமை தானாக வந்துவிடவில்லை. 1972-ம் வருஷத்தில் ஸோவியத் விஞ்ஞானக் கழகத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டதும், பெங்களூர் பீன்யாவில் கைத்தொழிற் பேட்டைக் கொட்டகைகள் சிலவற்றில் நமது இளைஞர்கள் வேலையைத் துவக்கினார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் காலஞ்சென்ற யூ. ஆர். ராவ். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒரு செயற்கைக்கோளைக் கண்ணால் கண்டதில்லை. 360 கிலோ எடையுள்ள ஆரியபட்டா 1975-ம் வருஷம் ஏப்ரல் 19-ம் தேதி ருஷிய ராக்கெட்டில் ஏறிச் சென்றது. ஐந்தாம் நாள் அதன் விஞ்ஞானக் கருவிகளுக்கு மின்சாரம் செல்வது தடைப்பட்டுச் சோதனைகள் நின்றன. இதனால் ஆரியபட்டா தோல்வி என்று சொல்வார் அறியாதார். கோள் என்பது எங்கே பழுதாகும் என்ற முதல் பாடத்தை அதுவே நமக்குக் கற்பித்தது.

1981-ம் வருஷத்தில் ஆப்பிள் என்ற தகவல் தொடர்புக் கோளைச் சோதிக்கும்போது, சுற்றிலும் உலோகம் இல்லாத திறந்தவெளியில் அதன் வானொலி அலைகளை அளக்க வேண்டியிருந்தது. மோட்டார் லாரியின் இரும்பே அளவைக் கெடுத்துவிடும் என்று கண்டு, மாட்டு வண்டியின் மேல் கோளை ஏற்றி நிறுத்தினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் வறுமையின் சின்னம் என்று வருந்துகிறார்கள். இரண்டும் தவறு. சாஸ்திரத்துக்கு எது பொருத்தமோ அதைக் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்து முடித்த புத்தியின் சின்னம் அது. ஆப்பிளின் சூரிய ஒளிப் பலகைகள் இரண்டில் ஒன்று மேலே விரியவில்லை. அப்படியிருந்தும் இரண்டு வருஷங்களுக்கு மேல் அதை வேலை வாங்கினார்கள்.

அதே காலத்தில் இன்ஸாட் வரிசையின் முதல் கோள்களை அமெரிக்கக் கம்பெனி ஒன்றிடம் விலைக்கு வாங்கினோம். 1982-ம் வருஷம் ஏப்ரலில் சென்ற முதல் கோள் செப்டம்பருக்குள் உபயோகமற்றுப் போயிற்று. 1983-ல் சென்ற இரண்டாவது கோள் நன்றாக உழைத்தது. 1988-ல் சென்ற மூன்றாவது கோள் பாதி மின்சாரத்தை இழந்தது. அந்நியர் செய்தால் பழுது வராது என்ற மூடநம்பிக்கையை இவ்வரலாறு தகர்த்துவிடுகிறது. பழுது எவர் செய்தாலும் வரும். பழுதின் காரணத்தைத் தேடிப் பிடிக்கும் அறிவு யாரிடத்தில் தங்குகிறது என்பதே வித்தியாசம். விலைக்கு வாங்கினால் அது விற்றவனிடம் தங்கும். நாமே செய்து நாமே சோதித்தால் நம்மிடம் தங்கும். 1992-ம் வருஷம் ஜூலையில் நமது கைகளாலேயே செய்த இன்ஸாட் 2ஏ வானில் ஏறியபோது அந்த அறிவு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஏன் நம்முடையதாக இருக்க வேண்டும்?

"பரீட்சை தானே? பணம் கொடுத்தால் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ சோதித்துத் தருவார்களே. இதற்காக நாம் ஏன் பெரும் பொருளைச் செலவிட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இவர்கள் சமீப சரித்திரத்தை மறந்துவிட்டார்கள். 1992-ம் வருஷம் மே மாதத்தில், ருஷியாவிடமிருந்து கடுங்குளிர் எஞ்சின் நுட்பத்தை வாங்க முயன்றதற்காக அமெரிக்கா இஸ்ரோவின் மேல் தடை விதித்தது. எஞ்சின்கள் சில வந்தன, நுட்பம் வரவில்லை. சொந்த முயற்சியால் செய்த எஞ்சினோடு ராக்கெட் வெற்றியாக ஏறியது 2014-ம் வருஷம் ஜனவரி 5-ம் தேதி. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தேசம் காத்திருக்க நேர்ந்தது! 1998-ல் பொக்ரான் வெடிச் சோதனைக்குப் பின் மறுபடியும் தடை. நமது விண்வெளி ஸ்தாபனங்கள் அமெரிக்கத் தடைப் பட்டியலிலிருந்து நீங்கியது 2011-ம் வருஷம் ஜனவரியில். அந்த வருஷங்களில் நமது கோள்களைச் சோதிக்கும் கலமும் அந்நியர் கையில் இருந்திருந்தால் நம் கதி என்ன? கதவைச் சாத்துவதற்கு அவர்களுக்கு ஒரு காகிதம் போதும்.

மேலும், பரீட்சை என்பது ரகசியத்தைத் திறந்து காட்டுவது. கோளின் பலம் எங்கே, பலவீனம் எங்கே, எந்த உஷ்ணத்தில் தளரும், எந்த அலையில் பேசும் என்பதெல்லாம் சோதிப்பவனுக்குத் தெரிந்துவிடும். எல்லையைக் காவல் காக்கும் கோளைப் பிறர் வீட்டு மேஜையில் பிரித்துப் போட்டுக்கொண்டு ராஜ்யப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது நகைப்புக்கிடம்.

கடிகாரத்தின் கதையையும் இங்கே நினைவுகூர வேண்டும். நமது வழிகாட்டிக் கோள்களில் வைக்கப்பட்ட அணுக் கடிகாரங்கள் அந்நிய நாட்டில் வாங்கியவை. 2016-ம் வருஷத்தில் முதல் கோளின் மூன்று கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. மற்றக் கோள்களிலும் தொல்லை கண்டது. கடிகாரம் தப்பினால் வழிகாட்டிக் கோள் வழிகாட்டாது. சொந்தக் கடிகாரம் ஏறியது 2023-ம் வருஷம் மே 29-ம் தேதி. 2025-ம் வருஷ மத்தியில் பார்லிமெண்டில் சர்க்கார் தெரிவித்தபடி, அது வரை பாதையில் வைக்கப்பட்ட 11 கோள்களில் நான்கு மட்டுமே இடம் காட்டும் வேலையைச் செய்துவந்தன. பிறரை நம்பியதன் விலை இது.

நம்மைப் போன்ற மற்ற தேசங்களும் இதை உணர்ந்துவிட்டன. பிரேஸில் 1987-ம் வருஷத்திலேயே ஸான் ஜோஸே நகரில் கோள்களை இணைத்துச் சோதிக்கும் தேசிய சாலையைத் திறந்தது. அங்கே உருவான அமஸோனியா 1 என்ற கோளை 2021-ம் வருஷம் பிப்ரவரி 28-ம் தேதி நமது ராக்கெட்டே சுமந்து சென்றது. ஆர்ஜென்டினா பாரிலோச்சே நகரில் தனக்கென ஒரு பரீட்சைச் சாலையை நிறுவி, 2014-ல் அனுப்பிய தன் தகவல் தொடர்புக் கோளை அங்கேயே சோதித்துக்கொண்டது. துருக்கி 2015-ல் அங்காராவுக்கு அருகே அத்தகைய நிலையத்தைத் திறந்தது. 2024 ஜூலையில் சொந்தத் தகவல் தொடர்புக் கோளை அனுப்பியது. ராக்கெட் வேறு நாட்டினுடையதாக இருந்தபோதிலும், கோளைச் சோதிக்கும் உரிமையை மட்டும் பிறரிடம் விட்டுவிடக்கூடாது என்று இத்தேசங்கள் தீர்மானித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தங்கத்தை யாரிடமும் வாங்கலாம்; உரைகல் நம் கையில் இருக்க வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது

நிலையம் நம்முடையது என்பதால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. அங்கே பரீட்சை செய்பவனுக்கு "வேண்டாம், நிறுத்து" என்று சொல்லும் சுதந்திரம் இருக்க வேண்டும். இதை நாம் சும்மா சொல்லவில்லை. 2018-ம் வருஷம் மார்ச் 29-ம் தேதி ஜிஸாட் 6ஏ கிளம்பிற்று. இரண்டே நாளில் அதனுடன் தொடர்பு அற்றுப்போயிற்று. அப்போது 5,854 கிலோ எடையுள்ள ஜிஸாட் 11 ஏற்கெனவே கடல் கடந்து தென் அமெரிக்காவின் கூரூ தளத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? கௌரவத்தைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்க்கவில்லை. கோளைப் பெங்களூருக்குத் திருப்பி வரவழைத்து மறுபடியும் சோதித்தார்கள். டிசம்பர் 5-ம் தேதி அது ஏறிற்று. ஸ்தாபிதமாகி வேலையும் செய்தது. ராக்கெட் ஏவுவதைவிட இந்தத் திருப்பி அழைத்தலே பெரிய வீரச் செயல் என்பது நமது அபிப்பிராயம். அந்தத் தாமதம் யாருக்கும் நினைவில்லை; எட்டாவது நாளில் கோள் ஊமையாகியிருந்தால் தேசமே நினைவு வைத்திருக்கும்.

நிஸாரின் விஷயத்திலும் அப்படியே. மடித்து வைத்த நிலையில் அதன் பெரிய ரேடார் பிரதிபலிப்பான் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று சோதனைகளால் தெரிந்ததும், 2024-ல் அதைக் கலிபோர்னியாவுக்குத் திருப்பி அனுப்பி மேற்பூச்சு இட்டு வரவழைத்தார்கள். கோள் புறப்பட்டது 2025-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி.

சந்திரனுக்குச் சென்ற கலத்தின் கதை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2019-ம் வருஷம் செப்டம்பரில் சந்திரயான் 2-ன் இறங்கு கலம் மோதி நொறுங்கிற்று. மறு முயற்சியில், இன்னின்னது தவறினாலும் கலம் பிழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தவறையும் முன்கூட்டி எண்ணி வைத்தே திட்டமிட்டார்கள். பாரம் தூக்கும் யந்திரத்தில் தொங்கவிட்டும், ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டும் சோதித்தார்கள். சந்திரனின் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தபோது, நாமக்கல் ஜில்லாச் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை அரைத்தெடுத்த பொடியே சந்திரயான் திட்டத்தின் சோதனைக்குப் பெங்களூர் நிலையத்தில் பரப்பப்பட்டது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான் 3, 2023-ம் வருஷம் ஆகஸ்ட் 23-ம் தேதி பத்திரமாக இறங்கிற்று. கொங்கு நாட்டுப் பாறைப் பொடியில் நடை பழகியே நாம் சந்திரனுக்குச் சென்றோம்!

இவ்வளவு இருந்தும் பழுது முற்றும் ஒழியவில்லை. 2025-ம் வருஷம் ஜனவரி 29-ம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ராக்கெட் என்ற கோலாகலத்தோடு வழிகாட்டிக் கோள் என்விஎஸ் 02 அனுப்பப்பட்டது. ராக்கெட் தன் வேலையைச் செய்தது. கோளின் எஞ்சினுக்கு ஆக்ஸிஜனேற்றித் திரவம் செல்ல வேண்டிய வால்வுகள் திறக்கவில்லை. அது உரிய பாதையை அடையவில்லை. விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது இதுதான்: இத்தகைய ஒவ்வொரு சம்பவத்துக்கும் பின்னால், காரணம் யாது, பூமியிலேயே கண்டுபிடித்திருக்கக் கூடியதா, எந்தப் பரீட்சை புதிதாகச் சேர்க்கப்பட்டது என்ற முழு விவரமும் பார்லிமெண்டின் மேஜைக்கு ஒரு கால வரையறைக்குள் வர வேண்டாமா? 2021 ஆகஸ்டில் ஒரு ராக்கெட் தவறியபோது ஆராய்ச்சியின் சுருக்கத்தை இஸ்ரோ வெளியிட்டது. அதனால் அதன் மதிப்பு உயர்ந்ததே தவிரக் குறையவில்லை. ராணுவ ரகசியத்தை மறைக்கட்டும்; வால்வின் கோளாறு எந்த எதிரிக்கும் பயன்படாது. அதை மறைப்பதனால் நஷ்டமடைகிறவர்கள், அடுத்த கோளைச் செய்யப்போகும் நமது சொந்த இளைஞர்களே.

யாருக்காக?

முன்னெல்லாம் கோள் செய்பவர் சர்க்கார் ஒருவரே. ஆகையால் வரிசை பற்றிய தகராறு இல்லை. 2017-ல் வழிகாட்டிக் கோள் ஒன்றை இணைக்கும் வேலையில் தனியார் கூட்டு ஒன்று முதல் தடவையாக ஈடுபடுத்தப்பட்டது. ராக்கெட்டின் மூடி திறவாமையால் அந்தக் கோள் வீணாயிற்று. அதில் கோளைச் செய்தவர்கள்மேல் குற்றமில்லை. மறு வருஷம் அவர்கள் இணைத்த அடுத்த கோள் செவ்வனே சென்றது. 2018 ஜூலையில் 27 கோள்களை இணைத்துச் சோதிக்க ஒரு சர்க்கார் கம்பெனியுடனும் இரண்டு தனியார் கம்பெனிகளுடனும் உடன்படிக்கை ஆயிற்று. 2020-ல் இன்-ஸ்பேஸ் என்ற ஸ்தாபனம் அறிவிக்கப்பட்டது. 2023-ம் வருஷத்து விண்வெளிக் கொள்கை, சர்க்காருக்குச் சொந்தமான சாதனங்களைப் பிறரும் உபயோகிக்க அது வழி செய்யும் என்றும், அதன் முடிவு அந்த நிலையங்களைக் கட்டுப்படுத்தும் என்றும் கூறுகிறது.

கொள்கை நல்லதே. ஆனால் காகிதத்தில் உள்ள உரிமை கதவைத் திறந்துவிடாது. சென்னையிலோ ஹைதராபாத்திலோ பத்துப் பதினைந்து இளைஞர்கள் கடன் வாங்கி ஒரு சிறு கோளைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றற்ற கலம் ஒன்றைத் தாங்களே கட்ட அவர்களுக்குச் சக்தியில்லை. சர்க்கார் நிலையத்துக்கு வருகிறார்கள். பெரிய திட்டம் ஒன்று குறுக்கிடுகிறது, முறை தள்ளிப்போகிறது. மாதம் செல்லச் செல்ல வட்டி ஏறுகிறது. கடைசியில் கோளை மூட்டை கட்டிக்கொண்டு அந்நிய நாட்டுச் சாலைக்குப் போவார்கள். அல்லது சோதனையைக் குறைத்துக்கொண்டு தெய்வத்தின்மேல் பாரத்தைப் போட்டு அனுப்புவார்கள். முன்னது மானக்கேடு, பின்னது மதிகேடு.

எல்லாவற்றையும் பெருமுதலாளிகளிடம் ஒப்படைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. அதையும் நாம் ஏற்கவில்லை. செய்பவனும் சோதிப்பவனும் ஒருவனேயானால், லாபம் குறைகிற நாளில் முதலில் குறைவது சோதனையே. பெருமுதலாளியின் சாலையில் அவனோடு போட்டியிடும் சிறு தொழிலாளி தன் கோளைக் கொண்டுபோய்ப் பிரித்து வைப்பானா? துலாக்கோல் பொதுவில் இருக்க வேண்டும். அளப்பவன் சர்க்கார் ஊழியனாக இருக்கட்டும். அளக்கக் கொண்டுவருபவன் யாராயினும் ஆகட்டும். ரயில்வேயில் டிக்கட் வரிசை இருப்பதைப்போல, எந்தக் கலம் எந்த மாதத்தில் யாருக்கு என்ற அட்டவணையும் கட்டண விகிதமும் பகிரங்கமாக ஒட்டப்படட்டும். சிறு தொழிலுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் ஒரு பங்கு நாட்கள் ஒதுக்கப்படட்டும். அவசரத் திட்டத்துக்காக அவர்கள் முறை தள்ளிவைக்கப்பட்டால் காரணமும் மறு தேதியும் எழுத்து மூலம் கொடுக்கப்படட்டும்.

தெற்கே ஒரு சாலை

தூத்துக்குடி ஜில்லாவில், 1942-ம் வருஷத்துச் சதி வழக்கினால் தேசமெங்கும் பெயர் அறியப்பட்ட குலசேகரப்பட்டினத்தில், சிறிய ராக்கெட்டுகளுக்கென இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024-ம் வருஷம் பிப்ரவரி 28-ம் தேதி அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 500 கிலோவரை எடையுள்ள கோளை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசெல்லும் சிறு ராக்கெட் அங்கிருந்து இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கு நோக்கிப் போகலாம் என்பதே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணம். பக்கத்து ஜில்லாவில் மகேந்திரகிரியில் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையம் வெகு காலமாக நடந்து வருகிறது. தமிழ்நாடு அரசாங்கமும் 2025-ல் விண்வெளித் தொழிலுக்கென ஒரு கொள்கையை அங்கீகரித்தது.

ஏவுதளம் இங்கே, எஞ்சின் சோதனை இங்கே. சிறு கோள்களை இணைத்துச் சோதிக்கும் சாலை மட்டும் வெகு தூரத்துக்கு அப்பாலா? பெங்களூரிலிருந்து லாரியில் குலுங்கி வந்த கோளை இறுதியாக ஒரு முறை சோதித்துப் பார்க்காமல் ராக்கெட்டில் ஏற்ற எவரும் துணியார். ஆகவே ஓர் ஆட்டும் மேடை, நடுத்தர அளவுள்ள ஒரு காற்றற்ற கலம், சுத்தமான இணைப்புக் கூடம் ஆகிய மூன்றும் கொண்ட பொதுச் சாலை ஒன்று தென் ஜில்லாக்களில் எழ வேண்டும். இது ராஜ்யங்களுக்குள் போட்டி மூட்டும் பேச்சன்று. பெரிய கோள்களுக்குப் பெங்களூரே தலைமை ஸ்தானம். அங்குள்ள கலங்களின் நாட்களைச் சிறு கோள்கள் விழுங்காமல் இருப்பதற்கே இந்த யோசனை. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து எஞ்சினீயரிங் கலாசாலைகளில் படித்துவிட்டு வேலைக்காக வடக்கே பார்த்து நிற்கும் வாலிபர்களுக்கு அது ஒரு பயிற்சிக் களமாகவும் அமையும்.

ஏழை நாட்டுக்கு இது ஏன்?

இந்த ஆட்சேபம் ஆரியபட்டா காலத்திலேயே கிளம்பியது, இன்றும் ஓயவில்லை. பதில் நமது கடற்கரையிலேயே இருக்கிறது. 2017-ம் வருஷம் நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரி ஜில்லா மீனவர்கள் பலர் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தார்கள். கைப்பேசி எட்டாத ஆழ்கடல் அது. கரையில் ஒலித்த எச்சரிக்கை அவர்கள் காதில் விழவில்லை. எத்தனையோ குடும்பங்கள் இன்றும் திரும்பாதவர்களுக்காக விளக்கேற்றுகின்றன. அத்தகைய தூரத்துக்குச் செய்தி கொண்டுசெல்லக் கூடியது வானிலிருக்கும் கோள். அதன் பின்னரே கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின.

புயல் இரவில் அந்தக் கோள் வாய் பேசாமல் போனால் என்ன ஆகும்? பெங்களூரில் ஒரு கலத்தினுள் மூன்று வாரம் நடக்க வேண்டிய சோதனையை, விழாத் தேதிக்காக இரண்டு வாரமாகக் குறைத்தவன், குளச்சலில் ஒரு தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏழைக்குத்தான் பழுதற்ற கோள் அவசியம். பணக்காரன் இன்னொன்று வாங்கிக்கொள்வான்.

நாம் கோருவது

ஆகவே பார்லிமெண்டு அங்கத்தினர்களும், அரசியல் ஊழியர்களும், தேச நலத்தில் அக்கறையுள்ள யாவரும் நான்கு விஷயங்களை வற்புறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பரீட்சை முடிந்தது என்று நிலையத்தின் தலைவர் கையெழுத்திடும் வரை எந்தக் கோளுக்கும் புறப்பாட்டுத் தேதி விளம்பரப்படுத்தக் கூடாது. தவறிய ஒவ்வொரு கோளைப் பற்றியும் முழு விவரம் ஆறு மாதத்துக்குள் பார்லிமெண்டில் வைக்கப்பட வேண்டும். நிலையங்களின் நாள் அட்டவணையும் கட்டணமும் பகிரங்கமாக வேண்டும். தெற்கே சிறு கோள்களுக்கென ஒரு பொதுச் சாலை எழ வேண்டும். இவற்றோடு, சோதனைச் சாதனங்களில் எத்தனை நம் நாட்டில் செய்தவை, எத்தனை இறக்குமதி என்ற கணக்கையும் வருஷா வருஷம் சர்க்கார் வெளியிட வேண்டும். தடை என்னும் கத்தி மறுபடி தொங்கும் நாளில் நமது கலங்கள் உதிரி பாகம் இன்றி நின்றுவிடக் கூடாது.

சுதந்திரம் என்பது கொடியேற்றத்தோடு முடிந்துவிடும் காரியமன்று. நம்முடைய வேலையின் குணத்தையும் குற்றத்தையும் நாமே சோதித்துச் சொல்லும் தகுதியும், சொன்ன குற்றத்தைத் திருத்திக்கொள்ளும் நெஞ்சுறுதியும் சேர்ந்ததே அது. மாட்டு வண்டியில் நின்று அளந்த தலைமுறை அத்தகுதியைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதைக் காப்பதும் பெருக்குவதும் நமது கடமை.